அடுக்களைப் பக்கம்: கென்யாவின் கிதேரி



நெய்யும் இறைச்சியும் மணக்கும் பண்டங்களுக்கு நம் இல்லங்களில் என்றும் குறைவில்லை. இம்மாதம் நாம் காணவிருக்கும் உணவில் இறைச்சி இல்லை, நெய் இல்லை, பட்டையும் கிராம்பும் ஏலமும் இல்லை. காய்ந்த மக்காச்சோளம், காய்ந்த பயறு, தண்ணீர், உப்பு ஆகிய நான்கே. இவற்றைக் கொண்டு கிழக்கு ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டுத் தாய்மார்கள் ஆக்கும் உணவின் பெயர் கிதேரி. விலை மலிவு, வேலையும் குறைவு. ஆயினும் அந்த நான்கில் பயறு ஒன்றை நீக்கிவிட்டால் என்ன நேரும் என்பதை அறிந்த பிறகே இதன் அருமை விளங்கும். ஆகவே செய்முறைக்கு முன் அதனையும் சொல்லிவிடுகிறேன்.

கென்யா மலையின் சரிவுகளிலும் அதனைச் சூழ்ந்த குளிர்ந்த மேட்டு நிலங்களிலும் வாழும் கிகுயு மக்களே இதனைக் கிதேரி என்கின்றனர். மூன்று கற்களைக் கூட்டி அடுப்பாக்கி, அதன்மேல் பெரிய பானையை ஏற்றி, சோளத்தையும் பயறையும் ஒன்றாகக் கொட்டி, மணிக்கணக்கில் மெல்லிய தீயில் விட்டுவிடுவது பழைய வழக்கம். மற்ற வேலைகளுக்கு இடையே வந்து விறகைத் தள்ளிவிட்டு, வற்றிய தண்ணீரை நிரப்பினால் போதும். விக்டோரியா ஏரிக்கரையின் லுவோ மக்கள் இதையே ஞோயோ என்பர். கிழக்கே வறண்ட நிலத்தில் வாழும் கம்பா மக்களோ சோளத்தை உரலில் இட்டுத் தோல் நீங்கக் குத்தி, அதன் பிறகே பயறுடன் சேர்ப்பர். அதற்கு முதொகோய் என்று பெயர். எல்லை தாண்டித் தான்சானியாவுக்குள் சென்றால் மகாண்டே. இன்னும் தெற்கே, தென்னாப்பிரிக்காவின் கோசா மக்கள் உடைத்த மக்காச்சோளத்தையும் பயறையும் கூட்டி உம்ங்குஷோ என்ற பெயரில் சமைக்கின்றனர். நெல்சன் மண்டேலா மிக விரும்பி உண்டது இதுவே என்று பலரும் எழுதியிருக்கின்றனர்.

மக்காச்சோளத்தின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் அதனை மக்காவோடு சேர்த்துச் சொல்கிறோம். கென்யரும் தான்சானியரும் பேசும் சுவாஹிலி மொழியில் அதன் பெயர் மஹிந்தி. ஹிந்த் என்னும் நம் நாட்டுப் பெயரின் அடியாகப் பிறந்த சொல் அது. துருக்கியர் அதனை மிஸிர் என்கின்றனர். மிஸிர் என்றால் எகிப்து. எகிப்தியரைக் கேட்டாலோ துரா ஷாமி, அதாவது ஷாம் நாட்டுச் சோளம் என்பர். ஒவ்வொருவரும் அடுத்த ஊரைக் கை காட்டுகின்றனர்! உண்மையில் அது மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர் பயிராக்கிக்கொண்ட தானியம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரின் கப்பல்கள் அதனை ஆப்பிரிக்கக் கரைகளில் இறக்கின.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. மெக்சிகோவின் பழங்குடிப் பெண்கள் மக்காச்சோளத்தை வெறுமனே வேகவைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த நீரில் அதனை வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அரைத்தே அடை தட்டுவர். தோல் எளிதில் நீங்கவே அப்படிச் செய்கின்றனர் என்று பார்த்தவர்கள் எண்ணினர். தானியம் கப்பலேறியது; சுண்ணாம்புப் பக்குவம் உடன் வரவில்லை.

மக்காச்சோளத்தில் நியாசின் என்னும் உயிர்ச்சத்து உண்டு. ஆனால் அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் போன்றது. நம் குடலால் அதனை எடுத்துக்கொள்ள இயலாது. சுண்ணாம்பு அந்தப் பூட்டைத் திறக்கிறது. அந்தப் பக்குவம் இல்லாமல் மக்காச்சோளத்தை மட்டுமே மாதக்கணக்கில் உண்டு வாழ்ந்த ஏழைகளுக்கு ஒரு நோய் கண்டது. வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து வெடித்தது; வயிறு நில்லாமல் போயிற்று; பின்னர் புத்தி தடுமாறியது; பலர் மாண்டனர். ஸ்பெயின் நாட்டின் அஸ்தூரியாஸ் பகுதியில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் 1735ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டு குறித்துவைத்தார். சொரசொரத்த தோல் என்று பொருள்படும் பெல்லாக்ரா என்ற பெயரை இதற்கு இட்டவர்கள் இத்தாலியர். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இந்நோய் பெருகியபோது, இது தொற்றுநோய் என்றே மருத்துவர்கள் பலரும் உறுதியாக நம்பினர். 1914ஆம் ஆண்டு இதனை ஆராய அனுப்பப்பட்ட ஜோசப் கோல்ட்பெர்கர், குறை கிருமியில் இல்லை, உணவுத் தட்டில்தான் இருக்கிறது என்று சோதனைகள் வழியே காட்டினார். குறைந்திருந்த சத்து நியாசின்தான் என்பது 1937ஆம் ஆண்டிற்குப் பிறகே தெளிவாயிற்று.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. மொசாம்பிக் நாட்டின் உள்நாட்டுப் போருக்கு அஞ்சி அண்டை நாடான மலாவியில் இலட்சக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்திருந்தனர். அவர்களுக்கு அளந்து கொடுக்கப்பட்ட உணவில் மக்காச்சோளமே பெரும்பகுதி. கூடவே நிலக்கடலையும் கொடுக்கப்பட்டு வந்தது. ஒரு கட்டத்தில் அந்த நிலக்கடலை வரத்து தடைப்பட்டது. வயிறு நிறையச் சோளம் இருந்தும், 1990ஆம் ஆண்டில் 18,000க்கும் மேற்பட்ட அகதிகளுக்குப் பெல்லாக்ரா கண்டது. நிலக்கடலையும் பயறினத்தைச் சேர்ந்ததே என்பதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். கைப்பிடிக் கடலைதானே என்று கணக்கில் கழித்துவிடக்கூடிய ஒரு பொருள், அத்தனை பேரின் தோலையும் குடலையும் காத்து நின்றிருக்கிறது.

கிதேரிப் பானையில் பயறு செய்யும் வேலை இதுதான். பயறில் உள்ள டிரிப்டோபான் என்னும் புரதக்கூறிலிருந்து நம் உடல் தானே நியாசினைச் செய்துகொள்ளும். மக்காச்சோளத்தில் லைசின் என்ற மற்றொரு புரதக்கூறும் குறைவு. பயறில் அது நிறைவு. பயறில் குறைந்த மெத்தியோனின் மக்காச்சோளத்தில் இருக்கிறது. ஒன்றின் பள்ளத்தை மற்றொன்றின் மேடு நிரப்புகிறது. இட்லிக்கு அரிசியோடு உளுந்தையும் நோன்புக் கஞ்சிக்கு அரிசியோடு பாசிப்பருப்பையும் சேர்க்கும் நமக்கு இது புதிய தத்துவம் அன்று. புரதக்கூறுகளின் பெயர் தெரியாத காலத்திலேயே, உலகின் இரு மூலைகளிலும் அடுக்களைப் பெண்கள் இதனை அறிந்து நடந்திருக்கின்றனர்.

கிகுயு மக்கள் இதற்கு இடும் பயறும் ஒன்றன்று. சிவப்பு ராஜ்மா இன்று மிகுதி. அதுவும் மக்காச்சோளத்தைப் போல அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த பொருளே. நம் ஊரில் தட்டைப்பயறு என்றும் காராமணி என்றும் வழங்குவது ஆப்பிரிக்க மண்ணிலேயே முதலில் பயிரானது. நம் நாட்டுத் துவரையோ அங்கே சென்று வேரூன்றியிருக்கிறது. இவ்விரண்டையும் சோளத்துடன் வேகவைப்பவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கப்படுவது ஞாஹி. கறுத்த உடலில் வெள்ளைக் கோடு ஓடும் அந்தப் பயறு நம் மொச்சை இனத்தைச் சேர்ந்தது. பிள்ளை பெற்ற தாய்க்கு ஞாஹி சமைத்துக் கொடுப்பது கிகுயு குடும்பங்களில் வழிவழியாக வரும் பழக்கம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஆறு பேருக்கு அளவு சொல்கிறேன்.

காய்ந்த மக்காச்சோளம் 300 கிராம், ராஜ்மா அல்லது தட்டைப்பயறு 200 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி 3, உருளைக்கிழங்கு 3, காரட் 1, பூண்டு 4 பல், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, உப்பு தேவையான அளவு. சோளம் வெள்ளையாக இருப்பின் கென்யச் சுவை கிட்டும். அங்கே வெள்ளைச் சோளமே உண்ணத் தக்கது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மஞ்சளிலும் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பொரிக்கும் சோளத்தை வாங்கிவிடாதீர்கள். எத்தனை நேரம் வேகவைத்தாலும் அதன் தோல் பல்லில் ஒட்டும். கடைகளில் கப்பில் போட்டு விற்கும் இனிப்புச் சோளமும் இதற்கு ஆகாது.

சோளத்தைத் தட்டில் பரப்பி, அவசரப்படாமல் பொறுக்குங்கள். இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈரம் காயாமல் சேமித்த சோளத்தில் ஒருவகைப் பூஞ்சணம் படர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். 2004ஆம் ஆண்டு கென்யாவின் கிழக்குப் பகுதியில் அத்தகைய சோளத்தை உண்டு 317 பேர் நோயுற்று, அவர்களுள் 125 பேர் இறந்தனர். பெரும்பாலும் அவரவர் வயலில் விளைந்து அவரவர் வீட்டில் வைத்திருந்த சோளம் அது. கொதிக்கவைப்பதால் இந்நஞ்சு போய்விடாது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ பூத்த மணிகள், நிறம் மாறிச் சுருங்கியவை, முகர்ந்தால் ஈர மணம் வீசுபவை அனைத்தையும் எறிந்துவிடுங்கள். நம் ஊரில் விளையும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித் தீவனத்திற்கே போகிறது. எனவே தீவனக் கடையில் வாங்காமல், உண்பதற்கென்று சுத்தம் செய்து விற்கும் மளிகைக் கடையில் கேட்டு வாங்குவதே முறை.

பொறுக்கிய சோளத்தையும் பயறையும் தனித்தனிப் பாத்திரங்களில் நிறையத் தண்ணீர் ஊற்றி இரவு முழுதும் ஊறவிடுங்கள். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீர் மாற்றுங்கள். பழைய முறையில் இரண்டும் ஒரே பானையில்தான் வேகும். பிரஷர் குக்கரில் சமைக்கும் நமக்கு அது ஒத்துவராது. சோளம் வேகும் வரை காத்திருந்தால் பயறு கூழாகிவிடும். ஆகவே முதலில் சோளத்தை மட்டும், அதன்மேல் நான்கு விரற்கடை நீர் நிற்க, குக்கரில் இட்டு, ஆவி வந்து வெயிட் போட்டபின் தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம் வையுங்கள். ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு மலர்ந்திருக்க வேண்டும். நசுங்க மறுத்தால் இன்னும் ஒரு கால் மணி நேரம். பானையில் வைப்பவர்களுக்கு இரண்டு மணி முதல் மூன்று மணி நேரம் வரை ஆகும்.

ராஜ்மாவை இட்டால், அதனைத் தனியே திறந்த பாத்திரத்தில் முதலில் நன்கு கொதிக்கவையுங்கள். பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் தளதளவென்று கொதிக்க வேண்டும். அரை மணி நேரம் கொதித்தால் இன்னும் நன்று. வேகாத ராஜ்மாவில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் ஒரு பொருள் இருக்கிறது. கொதிநிலைக்குக் குறைந்த சூட்டில் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பாத்திரங்களில் அது அழியாமல் நின்றுவிடும். கொதித்த பிறகு அந்த நீரை மாற்றி, சோளத்துடன் சேர்த்துக் குக்கரில் மேலும் இருபது நிமிடங்கள் வையுங்கள். தட்டைப்பயறாயின் இத்தனை முன்னேற்பாடு வேண்டாம். சோளம் வெந்தபின் அதனோடு சேர்த்துப் பத்து நிமிடம் வேகவிட்டால் போதும்.

தீயை மிச்சப்படுத்தச் சோடா உப்பு போடலாமா என்று சிலர் கேட்பீர்கள். கென்யாவில் மகாதி ஏரியில் கிடைக்கும் சோடாவைப் பலரும் போடத்தான் செய்கின்றனர், விரைவில் குழைகிறது. ஆனால் பயறில் உள்ள பி1 உயிர்ச்சத்தை அது கெடுத்துவிடும். சவர்க்காரம் போன்ற ஒரு சுவையும் தங்கும். இரவே ஊறவைக்கும் பழக்கம் இருந்தால் சோடாவுக்கு அவசியமே இல்லை என்பது என் கருத்து.

இந்த அளவில் உப்பிட்டு இறக்கினால், அதுவே பழைய கிதேரி. தாளிப்பும் தக்காளியும் பின்னால் வந்தவை. ஆங்கிலேயர் 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை இரயில் பாதை அமைத்தபோது, நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். வணிகர்களும் சென்றனர். அவர்களோடு சப்பாத்தியும் மசாலாத் தூளும் கென்ய அடுக்களைக்குள் நுழைந்தன. கொத்தமல்லியை அங்கே இன்றும் தனியா என்றே கேட்டு வாங்குகின்றனர்.

அகன்ற சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் பொடியாக அரிந்த வெங்காயத்தையும் நசுக்கிய பூண்டையும் இட்டு, பொன்னிறம் வரும்வரை வதக்குங்கள். தக்காளியைச் சேர்த்து, எண்ணெய் பிரியும் வரை கிளறுங்கள். தக்காளியை இந்த நேரத்தில் சேர்ப்பதே சரி. பயறு வேகும் முன்பே போட்டால் அதன் புளிப்பு பயற்றின் தோலை இறுகச் செய்துவிடும். துண்டாக்கிய உருளைக்கிழங்கையும் காரட்டையும் போட்டு, வெந்த சோளத்தையும் பயறையும் அவற்றின் நீரோடு ஊற்றி, உப்பிட்டு மூடுங்கள். கிழங்கு வெந்ததும், கரண்டியின் பின்புறத்தால் நான்கைந்து கிழங்குத் துண்டுகளையும் சிறிது பயறையும் சட்டியின் ஓரத்தில் நசுக்கிக் கலந்துவிட்டால் ஆணம் தானாகக் கெட்டிப்படும். மல்லித்தழை தூவி இறக்குங்கள். மிளகாய் கென்யரின் பழக்கத்தில் மிகக் குறைவு. நம் நாவுக்கு இரண்டு பச்சை மிளகாயைக் கீறிப் போடலாம். அதற்கு மேல் மசாலாவை ஏற்றினால் சோளத்தின் மணம் மறைந்துவிடும்.

சோறோ ரொட்டியோ உடன் தேவையில்லை. ஆழமான தட்டில் அப்படியே இட்டு, கரண்டியால் உண்பர். பக்கத்தில் வெண்ணெய்ப்பழத் துண்டுகள் வைப்பது அவ்வூர் வழக்கம். இதையே கிழங்கும் கீரையும் மிகுதியாகச் சேர்த்து, சோள மணிகள் மட்டும் முழுதாக நிற்கும்படி மசித்தால் முகிமோ ஆகும். திருமண வீடுகளில் பரிமாறுவது அதுவே. கடற்கரையோரம் வாழும் சுவாஹிலி முஸ்லிம்கள் பயறு வகைகளைத் தேங்காய்ப்பாலில் சமைப்பதில் தேர்ந்தவர்கள். துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த அவர்களது ம்பாஸி மொம்பாசாவின் காலை உணவு. தான்சானியக் கரையில் மகாண்டேயிலும் தேங்காய்ப்பால் ஊற்றுவோர் உண்டு. தாளிப்பில் தக்காளியைப் பாதியாகக் குறைத்து, இறக்குமுன் ஒரு தம்ளர் முதற்பால் ஊற்றி, கொதி வருமுன் இறக்கினால் அந்தச் சுவை கிடைக்கும். நம் கடலோர ஊர்ச் சகோதரிகளுக்கு இதுவே மிகவும் பிடிக்கும் என்று எண்ணுகிறேன்.

கென்யாவிலும் இதற்கு முழு மதிப்பு இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. விடுதிப் பள்ளிகளில் வாரத்தில் பல நாள் இதனையே உண்டு வளர்ந்தவர்கள், பிறகு அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பதுண்டு. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று நடந்த பொதுத்தேர்தலில், நைரோபி நகரில் வாக்களிக்க வரிசையில் நின்ற ஒரு தொழிலாளி பிளாஸ்டிக் பையிலிருந்து கிதேரியை எடுத்து நிதானமாக உண்டுகொண்டிருந்தார். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. முதலில் சிரிப்பாகத் தொடங்கியது, போகப் போகப் பாசமாக மாறியது. அவ்வாண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவரின் பாராட்டுப் பதக்கமே அவருக்கு வழங்கப்பட்டது. பையைத்தான் பாராட்ட முடியவில்லை. அதே ஆகஸ்ட் 28 முதல் அந்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்துவிட்டது.

வசதி கூடும்போது பலர் பயறைக் குறைத்து இறைச்சியைக் கூட்டுகின்றனர். அதனால் சத்துக்குக் குறைவு வராது. வசதி குறையும்போது பயறைக் குறைத்துச் சோளத்தைக் கூட்டுவதே ஆபத்து. பயறின் விலை ஏறும் மாதத்தில், 200 கிராம் இடும் இடத்தில் 50 கிராம் போதும் என்று தோன்றலாம். அப்போது பயறின் இனத்தை மாற்றுங்கள், அளவைக் குறைக்காதீர்கள். ராஜ்மா விலை மிகுந்தால் தட்டைப்பயறு. அதுவும் கட்டுப்படாவிட்டால் மொச்சை. அதற்கும் வழியில்லையேல் வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாக இடித்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி வீதம் கடைசியில் தூவுங்கள்.

எரிபொருளைப் பற்றியும் சொல்லவேண்டும். மணிக்கணக்கில் அடுப்பெரிக்கக் கரிக்கும் எரிவாயுவுக்கும் செலவிட இயலாத நைரோபிவாசிகள், தெருவோரத்தில் வேகவைத்து விற்கும் கிதேரியை அளந்து வாங்கிச் சென்று வீட்டில் தாளித்துக்கொள்கின்றனர். நாமும் ஒரே முறையில் இரண்டு மடங்கு சோளமும் பயறும் வேகவைத்து, நன்கு ஆறவிட்டு, தாளிக்காமல் சிறு சிறு டப்பாக்களில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் வரை கெடாது. வேண்டும்போது எடுத்து, ஒரு வெங்காயமும் ஒரு தக்காளியும் வதக்கிச் சேர்த்தால், கால் மணி நேரத்தில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் சோற்றுப் பாத்திரம் நிறைந்துவிடும். மூடுமுன் சற்றே தண்ணீர் தெளித்து வையுங்கள். மதியத்திற்குள் சோளம் நீரை உறிஞ்சி இறுகிவிடும்.